லேபிள் ஒட்டாத ரவைப் பெட்டி

என் அன்புக்கும் அதைவிடக் கூடுதலான எரிச்சலுக்கும் உரிய அத்தானுக்கு,

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறோம். எல்லாரும் எழுதித் தந்துவிட்டார்கள். நீங்கள் பொறுமையின் இருப்பிடமாம். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவராம். வேறு யாருடைய மலருக்கோ எழுதியதை மாறி அனுப்பிவிட்டார்களோ என்று யோசித்தேன். அக்கா என்னிடமும் ஒரு பக்கம் கேட்டாள். "நான் உண்மையைத்தான் எழுதுவன்" என்றேன். "உன்னை ஆர் பொய் எழுதச் சொன்னது?" என்றாள். ஆகவே இதைப் படிக்கிற சொந்தக்காரர்களும் கோவில் நண்பர்களும் மன்னிக்க வேண்டும். நான் அத்தானை ஏசத்தான் போகிறேன். அவருக்கு அது பழகிப்போன விஷயம்.

முதலில் வீட்டுச் செய்திகள். உங்கள் பழைய 303 துவக்கு என் வீட்டு இரும்புப் பெட்டகத்தில் இருக்கிறது. பதிவையும் என் பெயருக்கு மாற்றியாயிற்று. ஆரணிக்குத் துவக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. ஓம், உங்கள் மகளுக்குத்தான். அக்கா சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள், ஆனால் மறிக்கவில்லை. கிளப்பில் பழைய இராணுவத் துவக்குகளுக்கான வருடாந்தப் போட்டி வருகிறது. உங்கள் துவக்கால், உங்கள் இடத்தில், இந்த முறை ஆரணி சுடப்போகிறாள்.

இதில் எனக்குச் சந்தோஷம்தான். பிரச்சினை நீங்கள் விட்டுப்போன அந்தப் பெட்டி.

கராஜில் உங்கள் மேசைக்கு மேலே உள்ள தட்டில் நீங்கள் செய்த துவக்கு ரவைகளின் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் எறும்பு எழுத்தில் ஒரு லேபிள். என்ன வெடிமருந்து, எவ்வளவு, எந்தச் சன்னம், எந்தத் துவக்குக்கு, எந்த நாளில் செய்தது, எல்லாம் இருந்தன. கடைசிப் பெட்டியில் மட்டும் ஒன்றும் இல்லை. மூடியில் ஒரு சந்தனப் பொட்டு, அதற்கு மேல் குங்குமம். அவ்வளவுதான். இதை நான் என்னவென்று வாசிப்பது அத்தான்?

இந்த விஷயம் தெரியாத மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், நீங்கள் பொறுமையின் இருப்பிடமாகக் காத்திருங்கள். இந்தக் காலத்துக் கடைகளில் அந்தக் காலத்துத் துவக்குக்கு ஏற்ற ரவை, தமிழ்நாட்டுக்காரர் சொல்லும் தோட்டா, லேசில் கிடைக்காது. அதனால் சுட்டு முடிந்த பித்தளைக் கோதைக் கழுவித் துடைத்து, அடியில் அடி பட்டால் தீப்பொறி தரும் புது மூடி வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் சன்னத்தை, அதாவது பறந்து போகிற குண்டை, அழுத்தித் திரும்பவும் ரவையாக்குவார்கள். இங்கே அது சட்டப்படி சரியான பொழுதுபோக்கு. ஆனால் அந்தத் துவக்கு எங்கள் அப்பாவை விட வயது கூடியது. மருந்து அளவுக்கு மேலே போனால் சுடுகிறவரின் கன்னத்துக்குப் பக்கத்திலேயே வெடித்துவிடும். அளவுக்குக் கீழே போனால் சன்னம் குழலுக்குள் சிக்கி நிற்கும், அடுத்ததைச் சுடும்போது குழல் பிளக்கும். அதனால்தான் என்ன மருந்து எவ்வளவு என்று தெரியாத ரவையை யாரும் சுடக் கூடாது. யார் செய்தாலும் சுடக் கூடாது.

இதை என் காது புளிக்கும்வரை சொன்னவர் யார்? நீங்கள்தான்.

கோவிலில் உங்களைப் பற்றி என்ன கதைத்தார்கள் என்பதும் மலரில் வரட்டும். "அங்க துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனுசன், இங்க துவக்கு வாங்கி வச்சிருக்கிறார் பாருங்கோ" என்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தம்பி உங்களிடமே நேராகக் கேட்டார், "அண்ணே, இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்று. நீங்கள் பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டே, "தம்பி, அங்க துவக்கு என்னைப் பாத்தது. இங்க நான் அதைப் பாக்கிறன்" என்றீர்கள். அந்தத் தம்பி பிறகு உங்களைக் கண்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

உங்கள் மேசைச் சட்டங்கள் எனக்கு இன்னும் கனவில் வருகின்றன. மேசையில் ஒரே ஒரு மருந்துப் போத்தல்தான் நிற்கலாம். கண்ணாடி போடாமல் உள்ளே வரக் கூடாது. மருந்து போட்ட கோதுகளைத் துளையுள்ள பலகையில் வரிசையாக நிறுத்தி, சன்னம் வைக்கும் முன் ஒவ்வொன்றுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நிறுக்கும்போது கதைக்கக் கூடாது. ஒருநாள் நான் வேலை செய்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது, எடுத்துவிட்டேன். நீங்கள் என் கோதுகள் எல்லாவற்றையும் கவிழ்த்து மருந்தைப் போத்தலுக்குள் கொட்டிவிட்டு, "முதலில இருந்து" என்றீர்கள். ஆஸ்பத்திரி ஃபார்மசியில் மருந்து நிறுத்துக் கலக்கிறவள் நான். எனக்கே அந்த மரியாதை. அன்றைக்குக் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வீட்டுக்குப் போனேன்.

அப்படிப்பட்டவர் ஒரு பெட்டியை லேபிள் ஒட்டாமல் விட்டுப்போகலாமா?

ஆரணி அந்தப் பெட்டியைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள். "சித்தி, இது டாட் கடைசியாகச் செய்தது. போட்டியில் இதைத்தான் சுடப்போகிறேன்" என்றாள், எல்லாம் ஆங்கிலத்தில். இல்லை என்றேன். ஏன் என்றாள். லேபிள் இல்லை என்றேன். "டாட்டை விடக் கவனமான ஆள் யாராவது உலகத்தில் இருக்கிறார்களா?" என்று கேட்டாள். இல்லைத்தான். ஆனால் கவனமான ஆளின் பெயரை நம்பிச் சுடுவது இல்லை, எழுத்தை நம்பித்தான் சுடுவது. இதையும் உங்கள் வாயால்தான் கேட்டேன். அவளுக்கு நான் அப்பாவைச் சந்தேகிக்கிறேன் என்று பட்டுவிட்டது. கதவை அடித்துச் சாத்திவிட்டு மாடிக்குப் போனாள்.

அடுத்த நாள் நான் போனபோது தட்டில் பெட்டி இல்லை. ஆரணி எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணினாள். வீடு முழுக்கத் தேடினேன். எங்கே இருந்தது தெரியுமா? சாமி அறையில். உங்கள் படத்துக்கு முன்னால், பூப்போட்டு, பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெடிக்கிற ரவைகள் அத்தான்! எண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில்! எனக்கு வந்த கோபத்தில் செருப்போடு சாமி அறைக்குள் போய்விட்டேன்.

"அக்கா, இது ஆர் செய்த வேலை?"

"அவற்ற கையால செய்த கடைசிச் சாமான். நீங்க சண்டை பிடிச்சு உடைக்கப் போறியள் எண்டு நான் எடுத்து வச்சிட்டன்."

"நெருப்புக்குப் பக்கத்திலயா? வீடு என்னத்துக்கு ஆகும்?"

"அவர் பாத்துக்கொள்ளுவார்" என்றாள், உங்கள் படத்தைக் காட்டி.

நான் விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குப் போய்விட்டேன். பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். அக்கா என்னோடு கதைக்கவில்லை. ஆரணியும் கதைக்கவில்லை. நீங்கள் மாலை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டு இருந்தீர்கள். குடும்பத்தையே மூட்டிவிட்டு ஒருவரால் எப்படி அப்படிச் சிரிக்க முடிகிறது?

ஒன்று சொல்லிவிடுகிறேன், இவ்வளவு ஏசினாலும் எனக்குப் புரியாமல் இல்லை. ஒருவர் இல்லாமல் போன பிறகு அவர் கை பட்ட ஒரு சாமானைப் பிடித்துக்கொள்ளத்தான் மனம் சொல்லும். எனக்கும் சொல்லியது. ஆனால் நான் ஒத்துக்கொண்டால், அந்தத் துவக்குக்குப் பின்னால் கன்னத்தை வைத்துப் படுக்கப்போவது ஆரணி. அவள் முகம் உங்கள் முகம் அத்தான், அச்சு அசல். அந்த முகத்துக்கு ஏதும் ஆனால் அக்காவிடம் நான் எந்த வாயால் கதைப்பேன்?

கடைசியில் ஆரணிதான் போன் பண்ணினாள். "நானே பிரிக்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் டாட்டிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றாள். பொல்லாத பேரம். உங்கள் மகள்தானே. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தைக்குப் போய்விட்டு, வாங்கிய முருங்கைக்காயை அக்காவின் குசினியில் வைத்துவிட்டு கராஜுக்குப் போனேன். கண்ணாடி போட்டோம். பெட்டியையும் என்னுடைய சொந்தத் தராசையும் கொண்டுபோயிருந்தேன், தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்த்தோம். ரவையைப் பிரிக்கிற, தலைக்குள் பொந்து உள்ள ஒரு சுத்தியலில் ஆரணி முதல் ரவையை மாட்டித் தட்டினாள். சன்னம் கழன்றது, மருந்து உள்ளே கொட்டியது. நீங்கள் எப்போதும் இடது மூலையிலிருந்துதான் பெட்டியை நிரப்புவீர்கள். அதனால் அதுதான் நீங்கள் முதலில் செய்தது. தராசில் வைத்தாள்.

மருந்து கூடுதலாக இருந்தது. மருந்தின் தோற்றம் பார்த்து, உங்கள் மேசையில் நின்ற போத்தல் பார்த்து, புத்தகத்தில் அந்த மருந்துக்கு உள்ள உச்ச அளவையும் பார்த்தோம். அதற்கும் மேலே இருந்தது. நீங்கள் வாழ்நாளில் உச்ச அளவுக்குக் கிட்டக்கூடப் போகாத மனிதர். வயதான துவக்கை வருத்தக் கூடாது என்று எப்போதும் கீழே நிற்பவர்.

ஆரணி நம்பவில்லை. இரண்டாவதைத் தட்டினாள். அதுவும் கூட, ஆனால் முதலாவதை விட ஒரு துளி குறைவு. அடுத்தது இன்னும் ஒரு துளி குறைவு. இப்படியே போகப் போக இறங்கிக்கொண்டே வந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நான் வென்றுவிட்டேன், ஆனால் எனக்கும் அழுகைதான் வந்தது. உங்களுக்குத் தராசு பிழைக்குமா? புக்கெகோஹியில் வெங்காயம் பொதி பண்ணும் அந்தப் பெரிய கொட்டகையில் தராசுகளுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர் நீங்கள்தானே?

ஆரணிதான் எழுந்து போய் உங்கள் தராசின் துணியை நீக்கினாள். தட்டில் ஒன்றும் இல்லாதபோது நடுவில் நிற்க வேண்டிய முள் விலகி நின்றது. குனிந்து பார்த்தோம். மருந்து வைக்கும் தட்டுக்கு எதிர்ப்பக்கம், தராசுக் கம்பியின் நுனியில், காய்ந்து வெடித்த சந்தனப் பொட்டு. மேலே குங்குமம்.

எல்லாம் விளங்கிவிட்டது. முள்ளை நடுவில் கொண்டுவந்த பிறகு யாரோ அந்த நுனியில் ஈரச் சந்தனத்தை அப்பியிருக்கிறார்கள். அந்தப் பாரத்துக்குச் சமனாக இந்தப் பக்கம் கூடுதல் மருந்து விழுந்திருக்கிறது. சந்தனம் காயக் காயப் பாரம் குறைந்து மருந்தும் குறைந்திருக்கிறது.

யாரோ என்ன யாரோ. உங்கள் மேசையில் உங்களைத் தவிர யார் கை வைப்பது? எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் நீங்கள் சந்தனம் குங்குமம் வைக்கிறது எனக்குத் தெரியும். சன்னம் அழுத்தும் பொறியின் கைப்பிடியில் வைப்பீர்கள், துவக்கின் மரத்தில் வைப்பீர்கள், மேசைக் காலில்கூட வைப்பீர்கள். தராசை மட்டும் துணியால் மூடிவிட்டு, "சரஸ்வதிக்குத் தெரியும், தராசில கை வைக்கக் கூடாது எண்டு" என்பீர்கள். அந்த மனிதருக்குக் கடைசி வருடம் என்ன பிடித்தது?

"விசர் மனுசன்!" என்று கத்தினேன். "ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிப்போட்டு, தராசுக்குப் பொட்டு வச்சிருக்கிறார், முழு விசர் மனுசன்! பிள்ளையைக் கொல்லப் பாத்திருக்கிறார்!"

"அவரை ஏசாதை."

அக்கா. கராஜ் வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். அக்காவுக்கும் துவக்குக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். ஊரில் எங்கள் வேலிக்குப் பின்னால் வெடிச் சத்தங்கள் கேட்டபோது நான் சின்னப் பிள்ளை. அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நீங்கள் அந்த மேசையைப் போட்ட நாளிலிருந்து, பெட்டியைத் தூக்கப் போன அந்த ஒரு தடவை தவிர, அவள் கராஜுக்குள் கால் வைத்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். துணி தோய்க்கும் மெஷின் அங்கேதான் இருக்கிறது என்பதால், அந்த வீட்டின் உடுப்பெல்லாம் நீங்கள்தான் தோய்த்தீர்கள். ஒருநாளும் முறைப்பட்டதில்லை.

"அவரை ஏசாதை. அது நான் வச்சது" என்றாள் அக்கா.

நானும் ஆரணியும் தராசை விட்டு அவள் பக்கம் திரும்பினோம்.

"போன விசயதசமி அண்டு காலமை. நல்ல நாள் எண்டு அவர் இங்க வந்து வேலை தொடங்கினவர். எனக்குச் சந்தனம் மிஞ்சிக் கிடந்தது. ஒருக்கா எட்டிப் பாப்பம் எண்டு வந்தன். வாசலில என்னைக் கண்டதும் மனுசன் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டவர். இருந்து பாத்தன். எல்லாத்துக்கும் பொட்டு இருந்தது, இது மட்டும் வெறுமையா நிண்டது. பாவமா இருந்தது. அதுதான் வச்சன். பெட்டிக்கும் நான்தான் வச்சன்."

"அவர் ஒண்டும் சொல்லேல்லையா?" என்று கேட்டேன்.

"வாயைத் திறந்தவர். பிறகு மூடிட்டார். சிரிச்சுக்கொண்டு செய்து காட்டினவர். இது கோது, இது மருந்து எண்டு எல்லாம் சொன்னவர். நான் கடைசி மட்டும் இருந்தன்."

அடுத்த கிழமை உங்களுக்கு நெஞ்சு நொந்தது. வாய்வு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்தீர்கள். அதற்கு நான் தனியாக ஏச வேண்டும், இந்த மலரில் இடம் போதாது.

ஆக, உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த ரவைகளைச் செய்தீர்கள். லேபிள் ஒட்டாமல் விட்டது மறதியில் இல்லை, அப்படித்தானே? பிறகு அக்கா இல்லாத நேரம் பிரித்துவிடலாம் என்று நினைத்தீர்களா? அப்படியானால் ஒரு துண்டுக் கடதாசியில் "சுடாதே" என்று எழுதி உள்ளே போட்டிருக்கலாமே? அல்லது பிரிக்க உங்களுக்கும் மனம் வரவில்லையா? இதற்கு யார் எனக்குப் பதில் சொல்வது?

அக்கா தட்டை மேசையில் வைத்தாள். பிரித்துப் போட்டிருந்த கோதுகளையும், தனித்தனியாகக் கிடந்த சன்னங்களையும் பார்த்தாள். அக்கா மந்தமான ஆள் இல்லை.

"அப்ப, நான் வச்சதாலயோ பிழைச்சது?"

மருந்து பழசாகிவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் நவராத்திரி திரும்ப வருகிறது. இனி அந்த மேசையில் இருக்கப்போவது ஆரணி. அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வருவாள், வைப்பாள். நான் பொய் சொன்னால் அந்தப் பொய்யை யார் கன்னம் தாங்கும்?

"ஓம் அக்கா. நீ வச்ச பாரத்தாலதான் மருந்து கூடினது" என்றேன். "ஆனா நீ வச்சது பிழை இல்லை. உனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். துடைச்சுப்போட்டு, முள்ளைத் திரும்பச் சரிபாத்துத்தான் செய்திருக்க வேணும்."

"தெரிஞ்சும் ஏன் துடைக்கேல்லை?"

நான் உங்கள் தராசைப் பார்த்தேன். ஆரணிதான் சொன்னாள். எங்கள் கேள்விகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் அந்தப் பிள்ளை, தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"துடைச்சா நீங்க எழும்பிப் போயிடுவீங்க எண்டு, அம்மா."

அக்கா உங்கள் கதிரையில் இருந்தாள். அழவில்லை. தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். குடித்துவிட்டு, "விசர் மனுசன்" என்றாள். நான் சொன்ன அதே சொல்தான், ஆனால் நான் கத்தியது அவள் சொன்னதற்குக் கிட்டவும் வராது அத்தான்.

மிச்சம் எல்லாவற்றையும் பிரித்து முடிக்கும்வரை அவள் எழும்பவில்லை. மருந்தை வெளியே புல்லில் மெல்லிசாகத் தூவிவிட்டோம். பிறகு ஆரணி புதிதாகச் செய்யத் தொடங்கினாள், குறைந்த அளவில், ஒவ்வொரு கோதுக்குள்ளும் டோர்ச் அடித்து. லேபிளையும் அவளே எழுதினாள். போட்டியில் அவள் அவற்றைத்தான் சுடுவாள். கடைசி இடத்துக்கு வந்தாலும் முழு முகத்தோடு வீட்டுக்கு வருவாள்.

நான் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்று ஆரணி சொல்லிவிட்டாள். நீங்கள்தான் எங்கள் மூவரிடமும் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பீர்களோ எனக்குத் தெரியாது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த விசயதசமிக்கு அக்காவைக் கராஜுக்குக் கூப்பிடுவேன். கதிரை போடுவேன். அவள் எங்கே ஆசைப்படுகிறாளோ அங்கே பொட்டு வைக்கட்டும், தராசிலும் வைக்கட்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்க நான் அதைத் துடைப்பேன். துடைத்துவிட்டு முள்ளைச் சரிபார்ப்பேன். கோபித்துக்கொண்டு எழும்பினால் கையைப் பிடித்து இருத்துவேன். உங்களால் செய்ய முடியாமல் போனது அது ஒன்றுதான் அத்தான், அதை நான் செய்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத, ஆற விருப்பமும் இல்லாத
உங்கள் மச்சாள்
வாசுகி
கிளென் ஈடன்